உலோகம் ஏற்றிய விளக்கு
(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. ஆயினும் கல்விக்கென்றே தோன்றிய ஒரு சங்கத்தின் விழாவில், ஒரு பாடம் சொல்வதே தக்க வாழ்த்தாகும் என்று கருதினோம். ஆகவே, புரதப் படிகங்களின் உள்ளமைப்பை உலோக அயனிகளின் துணைகொண்டு அறிஞர்கள் கண்டறிந்த வரலாற்றைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம். பெயரைக் கேட்டு எவரும் மலைக்க வேண்டா. கயிறு இழுக்கும் விளையாட்டையும், நிலம் அளக்கும் முக்கோணத்தையும் அறிந்தவர்க்கு இப்பொருள் விளங்காமற் போகாது.

இப்பொருளை நாம் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் பள்ளியிற் பயின்ற நாளில் ஆய்வுக்கூடத்தின் பின்வரிசையில் நின்றோம். சோதனைக் குழாயைத் தொடும் முறை எங்களுக்கு வருமுன் மணி அடித்துவிடும். "இவையெல்லாம் உங்களுக்கு எதற்கு? தேர்வில் தேறினால் போதாதா?" என்று கேட்டவரும் உண்டு. அன்று அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. இன்று சொல்லவிருக்கும் செய்தியில் அதற்கு விடை இருக்கிறது என்று நம்புகிறோம்.

முதலில் புரதம் என்பது யாது? பருப்பிலும் முட்டையிலும் உள்ள சத்து என்று மட்டுமே பலர் எண்ணுவர். உண்மையில், நம் உடலில் நிகழும் வேலைகளுட் பெரும்பாலானவற்றைச் செய்யும் கருவிகள் புரதங்களே. உண்ட உணவைச் செரிக்கச் செய்வது புரதம். நோய்க் கிருமியை எதிர்ப்பது புரதம். மூச்சுக் காற்றில் உள்ள ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினும் புரதமே. அமினோ அமிலங்கள் என்னும் சிறு கண்ணிகள் நூற்றுக்கணக்கிற் கோத்த சங்கிலி அது. அச்சங்கிலி வெறுமனே நீண்டு கிடப்பதில்லை. மடிந்து, சுருண்டு, தனக்கென ஓர் உருவத்தைப் பெறுகிறது. அந்த உருவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கிறது. பூட்டின் உள்வடிவம் அறியாதவன் சாவி செய்ய இயலாததுபோல, புரதத்தின் உருவம் அறியாதவன் அதன் வேலையையோ கோளாற்றையோ அறிய இயலாது.

அவ்வுருவத்தைக் கண்ணால் காண முடியாதா? முடியாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஹீமோகுளோபின் மூலக்கூறின் அளவு சுமார் 6 நானோமீட்டர். நாம் காணும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. பெருங்கடலின் அலை ஒரு சிறு கூழாங்கல்லின் வடிவை எடுத்துச் சொல்லுமா? அலை சிறியதாக இருந்தாலன்றிச் சிறு பொருளைக் காட்டாது. 1895ஆம் ஆண்டு ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிரோ மிகச் சிறிய அலை. ஆய்வுக்கூடங்களிற் பெரிதும் பயன்படும் எக்ஸ் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 0.15 நானோமீட்டர். அஃது அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவுக்கு ஒப்பானது.

1912இல் ஜெர்மானிய அறிஞர் லாவே வகுத்த கருத்தின்படி, ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, அக்கதிர் பல திசைகளிற் சிதறிப் படச்சுருளில் ஒழுங்கான புள்ளிகளைப் பதித்தது. உப்பும் கற்கண்டும் படிகங்களே. ஒரே வகை மூலக்கூறுகள் வரிசை தவறாமல் அணிவகுத்து நிற்பதே படிகம். ஒரு மூலக்கூறு சிதறும் கதிர் மிக மெலிந்தது. கோடிக் கணக்கான மூலக்கூறுகள் ஒழுங்காக நின்று சிதறும்போது அது பதிவாகும் அளவுக்கு வலுப்பெறுகிறது. அப்புள்ளிகளைக் கொண்டு எளிய படிகங்களின் அமைப்பைக் கணிக்கும் வழியை இங்கிலாந்தின் வில்லியம் பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும் 1913இல் காட்டினர். 1915இல் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

உப்புக்கு ஏற்ற வழி புரதத்துக்கும் ஏற்குமா? இங்கேதான் பெருந்தடை எழுந்தது. அத்தடையை இளைஞர்கள் நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும்.

ஏரியில் இரு கற்களை எறியுங்கள். இரு வட்ட அலைகள் எழும். முகடும் முகடும் சேரும் இடத்தில் நீர் உயரும்; முகடும் பள்ளமும் சேரும் இடத்தில் நீர் அசையாது கிடக்கும். ஆகவே, ஓர் அலையைப் பற்றி முழுமையாக அறிய இரண்டு செய்திகள் வேண்டும். அதன் உயரம் எவ்வளவு என்பது ஒன்று. அதன் முகடு எந்நேரத்தில் வந்து சேர்கிறது என்பது மற்றொன்று. பின்னதை இயற்பியலார் கட்டம் என்பர். படிகத்திலிருந்து வரும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையின் பதிவு. புள்ளியின் கருமையை அளந்தால் அலையின் உயரம் தெரிந்துவிடும். ஆனால் கட்டமோ படச்சுருளிற் பதிவதில்லை, அடியோடு தொலைந்துபோகிறது. கட்டம் தெரிந்தால், எல்லா அலைகளையும் கணக்கின் வாயிலாக மீண்டும் ஒன்றுகூட்டி, மூலக்கூறின் உருவத்தை வரைந்துவிடலாம். கட்டம் தெரியாவிடில், ஆயிரக் கணக்கான புள்ளிகள் கையில் இருந்தும் பயனில்லை. சில அணுக்களே கொண்ட உப்பில் கட்டத்தை ஊகித்துச் சரிபார்க்கலாம். ஹீமோகுளோபினிலோ, ஹைட்ரஜனை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 5,000 அணுக்கள் உள்ளன. ஊகம் அங்கே எடுபடுமா?

1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னல் என்னும் அறிஞரும், அவர்தம் மாணவி டோரத்தி கிரோஃபுட்டும் பெப்சின் என்னும் புரதத்தின் படிகத்தை உலர விடாமல், அதன் தாய்க் கரைசலிலேயே வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தனர். ஏராளமான புள்ளிகள் கிடைத்தன. புரதத்திற்கும் ஒழுங்கான உருவம் உண்டு என்பது அன்று உறுதியாயிற்று. ஆனால் அவ்வுருவத்தைப் படிக்கத்தான் வழியில்லை.

அவ்வழியைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் மேக்ஸ் பெருட்ஸ். 1914இல் வியன்னா நகரில், யூத மரபினரான நெசவாலைக் குடும்பத்திற் பிறந்தவர். 1936இல் கேம்பிரிட்ஜ் சென்று பெர்னலிடம் மாணவராகச் சேர்ந்தார். 1937இல் குதிரையின் ஹீமோகுளோபினை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது அவருக்கு வயது 23. மறு ஆண்டே இட்லரின் படைகள் ஆஸ்திரியாவைப் பற்றிக்கொண்டன. அவருடைய குடும்பம் அகதியாயிற்று. வீட்டிலிருந்து வந்த பணமும் நின்றது. 1940இல் இங்கிலாந்து அரசே அவரைப் "பகை நாட்டவர்" என்று சொல்லிச் சிறைப்படுத்திக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியது. யாரிடமிருந்து தப்பி வந்தாரோ, அவர்களுடைய ஆள் என்றே முத்திரையிடப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டார். பிறப்பினாலே முத்திரை குத்தப்படுவதன் துன்பத்தை நம் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1941இல் விடுதலையாகிக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர், விட்ட ஆய்வை மீண்டும் தொட்டார்.

ஆண்டுகள் உருண்டன. படங்கள் குவிந்தன. கட்டம் மட்டும் கிட்டவில்லை. அதற்குத் திறவுகோல் எங்கே இருந்தது? நம் முடிதிருத்தும் நிலையங்களிற் கிடக்கும் படிகாரத்தில் இருந்தது என்றால் வியப்பீர்கள்! படிகாரத்தில் பொட்டாசியம் என்னும் உலோக அயனி உண்டு. அதன் இடத்தில் ருபீடியத்தையோ, சீசியத்தையோ, தாலியத்தையோ வைத்தாலும் படிகத்தின் கட்டுமானம் பெரிதும் மாறுவதில்லை. வீடு அப்படியே இருக்க, குடியிருப்பவர் மட்டும் மாறியதுபோல் ஆகும். ஆனால் புள்ளிகளின் கருமை மாறும். அம்மாற்றத்தைக் கொண்டே படிகாரத்தின் அமைப்பை ஆராயலாம் என்று கார்க் என்பவர் 1927இல் காட்டினார். பின்னர் ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், தாலோசயனின் என்னும் சாயப் பொருளின் நடுவே நிக்கல் அயனி உள்ள படிகத்தையும் இல்லாத படிகத்தையும் ஒப்பிட்டு, 1936இல் அதன் அமைப்பை வெளியிட்டார். இம்முறையை உருவம் மாறாப் பதிலீடு என்று நாம் தமிழில் வழங்கலாம்.

"ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறதே, அது போதாதா?" என்று நம் மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அம்மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. ஆனால் இரும்பில் உள்ள எலக்ட்ரான்கள் 26 மட்டுமே. அன்றைய கருவிகளுக்கு அது போதிய அடையாளமாகவில்லை. மேலும், ஒப்பிட்டுப் பார்க்க உலோகம் உள்ள படிகம் ஒன்றும் இல்லாத படிகம் ஒன்றும் வேண்டும். இரும்பை அகற்றிவிட்டால் மூலக்கூறு தன்னியல்பை இழந்துவிடும். ஆகவே வெளியிலிருந்து ஒரு கனமான உலோகத்தைக் கொண்டுவந்து, மூலக்கூறின் உருவம் குலையாமல் ஒட்டவைக்க வேண்டும்.

ஆயிரக் கணக்கான அணுக்களுக்கு நடுவே ஓரிரு உலோக அணுக்கள் என்ன மாற்றத்தைச் செய்துவிடும் என்பது பலருடைய ஐயம். இங்கே கயிறு இழுக்கும் கணக்கைச் சொல்வோம். 5,000 பேர் ஒரே திசையில் இழுத்தால் அதன் வலு 5,000 பேரின் வலுவே. ஆனால் ஒவ்வொருவரும் மனம்போன திசையில் இழுத்தால்? ஒருவர் இழுப்பை மற்றொருவர் இழுப்பு அழித்துவிடும். எஞ்சும் நிகர வலு, 5,000த்தின் வர்க்கமூலமாகிய சுமார் 70 பேரின் வலுவளவே. புரதத்தின் அணுக்கள் சிதறும் அலைகளும் இப்படித்தான் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களில் முறையே 6, 7, 8 எலக்ட்ரான்கள். பாதரச அணுவிலோ 80 எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் திரண்டு நிற்கின்றன. ஏறத்தாழ 11 பேரின் வலு கொண்ட ஒருவர் வந்து சேர்ந்ததாகக் கொள்ளுங்கள். 5,000த்தின் முன்னே 11 என்பது ஒன்றுமில்லை. 70இன் முன்னே 11 என்பது கண்ணுக்குப் புலப்படும் மாற்றம். தன் படிகங்களின் புள்ளிகள் எத்துணை மெலிந்தவை என்பதைப் பெருட்ஸ் அளந்தறிந்தபோது, இவ்வுண்மை அவருக்குத் துலங்கியது.

அந்நேரத்தில் மற்றொரு செய்தி கிட்டியது. ஹீமோகுளோபினில் உள்ள சில கந்தக அணுக்களில் பாதரசச் சேர்மம் சென்று ஒட்டிக்கொண்டாலும் அது ஆக்சிஜனைச் சுமக்கும் தொழில் கெடவில்லை என்று ஆஸ்டின் ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கண்டிருந்தார். தொழில் கெடவில்லை எனில் உருவமும் கெட்டிராது அல்லவா? வெர்னான் இங்ராம் என்னும் வேதியியலார், பாதரசம் ஒட்டிய ஹீமோகுளோபினை ஆயத்தம் செய்து கொடுத்தார். 1953இல் பெருட்ஸ் அதன் படிகத்தைப் படமெடுத்துப் பழைய படத்தின்மேல் வைத்து நோக்கினார். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. அவற்றின் கருமை மட்டும் மாறியிருந்தது. பதினாறு ஆண்டுகள் மூடிக்கிடந்த கதவு அசைந்தது!

கருமை மாறினால் கட்டம் எவ்வாறு தெரியும்? நிலம் அளப்போர் முக்கோணத்தை நினைவிற் கொள்ளுங்கள். மூன்று பக்கங்களின் நீளமும் தெரிந்தால் முக்கோணத்தின் கோணங்கள் யாவும் தாமே தெரிந்துவிடும். இங்கும் மூன்று பக்கங்கள் உண்டு. உலோகம் இல்லாத படிகம் தரும் அலையின் உயரம் ஒன்று. உலோகம் உள்ள படிகம் தரும் அலையின் உயரம் மற்றொன்று. இவையிரண்டும் நாம் அளந்தவை. மூன்றாவது, உலோகம் மட்டும் தரும் அலை. உலோகம் எங்கே இருக்கிறது என்று அறிந்தால் அவ்வலையின் உயரம், கட்டம் இரண்டையுமே கணக்கிட்டுவிடலாம். பேட்டர்சன் என்பவர் 1934இல் வகுத்த கணித முறை, இரு படங்களின் வேறுபாட்டைக் கொண்டே உலோகத்தின் இருப்பிடத்தைக் கண்டுகொள்ள உதவியது. ஆயிரவருள் ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும். அவரைக் கொண்டு எஞ்சிய அனைவரையும் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னும் ஒரு முடிச்சு எஞ்சுகிறது. மூன்று பக்கம் தெரிந்தாலும், முக்கோணத்தைக் கோட்டின் இடப்புறமும் வரையலாம், வலப்புறமும் வரையலாம். இரண்டில் எது உண்மை? வேறோர் உலோகத்தை வேறோர் இடத்தில் ஒட்டவைத்து மீண்டும் அளந்தால், இரண்டு அளவுக்கும் பொருந்தும் விடையே உண்மை விடை. ஆகவேதான் ஒரு புரதத்திற்குப் பாதரசம், தங்கம், பிளாட்டினம், ஈயம், யுரேனியம் என்று பல உலோகங்களை முயன்று பார்த்தனர்.

இம்முயற்சி எளியதன்று. புரதப் படிகத்தில் ஏறத்தாழ பாதி நீர். மூலக்கூறுகளுக்கிடையே நீர் நிறைந்த வாய்க்கால்கள் ஓடுகின்றன. உலோக உப்பின் மெல்லிய கரைசலில் படிகத்தை ஊறவைத்தால் அயனிகள் அவ்வாய்க்கால்கள் வழியே உள்ளே சென்று தமக்கேற்ற இடத்திற் பற்றிக்கொள்ளும். பாதரசம் கந்தகத்தை நாடும். யுரேனியத்தின் அயனி அமிலத் தன்மையுள்ள கண்ணிகளை நாடும். கரைசல் சற்று மிகுந்தால் படிகம் வெடித்துவிடும். குறைந்தால் உலோகம் ஒட்டாது. சில வேளை ஒட்டிய உலோகமே மூலக்கூறை நகர்த்தி ஒப்பீட்டைப் பயனற்றதாக்கும். பலமுறை தோற்றே ஒருமுறை வென்றனர்.

பெருட்ஸின் தோழர் ஜான் கெண்ட்ரூ, திமிங்கிலத் தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் சிறிய புரதத்தை எடுத்துக்கொண்டார். பாதரசம், தங்கம் முதலியவற்றின் சேர்மங்களைப் பயன்படுத்தி, சுமார் 400 புள்ளிகளைக் கொண்டு 1958இல் அதன் மங்கலான உருவத்தை வெளியிட்டார். மனிதர் கண்ட முதற் புரத உருவம் அதுவே. 1960இல் சுமார் 10,000 புள்ளிகளைக் கொண்டு தெளிவான உருவத்தைத் தந்தார். பெருட்ஸின் ஹீமோகுளோபின் உருவம் 1959இல் வெளிப்பட்டது. 23 வயதிற் தொடங்கிய பணி 45ஆம் வயதிற் கைகூடியது. இருவரும் 1962இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். பெப்சின் படிகத்தைப் படமெடுத்த மாணவி டோரத்தி, பின்னாளில் டோரத்தி ஹாட்ஜ்கின் என்று உலகப் புகழ் பெற்றார். 1935இல் இன்சுலின் படிகத்தை முதன்முதலிற் படமெடுத்த அவர், 34 ஆண்டுகள் காத்திருந்து 1969இல் அதன் உருவத்தைக் கண்டார். துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கூடிநிற்பதை அவ்வுருவம் காட்டியது. அவர் குழுவில் உழைத்த எம். விஜயன் என்னும் இந்திய இளைஞர், பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிக ஆய்வை வளர்த்தார். நம் வயல்களில் விளையும் நிலக்கடலையில் உள்ள லெக்டின் என்னும் புரதத்தின் உருவத்தை அவருடைய குழு 1994இல் வெளியிட்டது.

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் சிறப்பான இடமுண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளருடன் 1954இல் கொல்லாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்மொழிந்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம் அது. 1956இல் இராமச்சந்திரனும் எஸ். இராமன் என்பவரும் கட்டத்தைக் கண்டறியும் வேறொரு வழியை எழுதி வெளியிட்டனர். இவ்விராமன், சி. வி. இராமன் அல்லர், வேறொருவர்.

அவ்வழி யாது? பொதுவாகப் படத்தின் எதிரெதிர்ப் புறங்களில் உள்ள இணைப் புள்ளிகள் ஒரே கருமை உடையவை. ஆனால் படிகத்தில் உள்ள கனமான அணு, தன்மேல் விழும் எக்ஸ் கதிரை ஓரளவு உட்கொண்டு சற்றுக் காலந்தாழ்த்திச் சிதறுமானால், அச்சமநிலை குலைகிறது. இணைப் புள்ளிகளின் கருமை வேறுபடுகிறது. ஹாலந்து அறிஞர் பைவூட் 1951இல் இவ்வேறுபாட்டைக் கொண்டு, ருபீடியம் அடங்கிய ஓர் உப்பின் மூலக்கூறு இடக்கைப் பக்கத்ததா வலக்கைப் பக்கத்ததா என்று தீர்த்திருந்தார். அச்சிறு வேறுபாட்டிலிருந்தே கட்டத்தைக் கணிக்கலாம் என்பதைச் சென்னை அறிஞர்கள் கணித வடிவில் காட்டினர். நாம் முன்பு சொன்ன இடப்புறமா, வலப்புறமா என்னும் முடிச்சை அவிழ்க்க இதுவும் துணையாயிற்று. கோபிநாத் கர்த்தா பின்னர் அமெரிக்கா சென்று, பெல்லோ, ஹார்க்கர் என்போருடன் ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் உருவத்தை 1967இல் வெளியிட்டார். பெருங்கருவிகள் இல்லாத நாட்டில் தாளும் பென்சிலும் கொண்டு வகுத்த சிந்தனை, உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குப் பயன்பட்டது.

பின்னாளில், சிங்க்ரோட்ரான் என்னும் மாபெரும் வளையக் கருவிகள் தோன்றின. வேண்டிய அலைநீளத்தில் எக்ஸ் கதிரைத் தேர்ந்தெடுக்க அவை இடந்தந்தன. அதன் பயனைப் பாருங்கள்: வெள்ளரிக்காயில் செம்பு அடங்கிய நீல நிறப் புரதம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து எவ்வுலோகத்தையும் புகுத்தாமல், அப்புரதத்தில் இயல்பாகவே உள்ள செம்பைக் கொண்டு, பல அலைநீளங்களில் அளந்து அதன் உருவத்தை 1988இல் கண்டனர். இரும்பு போதாது என்றிருந்த காலம் போய், உள்ளே இருக்கும் உலோகமே வழிகாட்டும் காலம் வந்தது. உயிரணுவில் புரதங்களையே உருவாக்கும் ரைபோசோம் என்னும் பெருங்கருவியின் உருவத்தை 2000ஆம் ஆண்டில் கண்டபோதும், ஆஸ்மியம் போன்ற கன உலோகச் சேர்மங்கள் துணைநின்றன. அதற்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர், 1952இல் நம் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன்.

இனி, இவற்றால் மக்களுக்கு விளைந்த பயன் யாது என்பதைச் சொல்வோம். பெருட்ஸுக்குப் பாதரச ஹீமோகுளோபின் செய்து கொடுத்த இங்ராமைக் குறிப்பிட்டோம் அல்லவா? அவர் அதே ஆய்வுக்கூடத்தில், அரிவாளணுச் சோகை என்னும் நோயாளிகளின் ஹீமோகுளோபினை வேதியியல் முறையில் துண்டு துண்டாக்கி ஆராய்ந்தார். 1956-57ஆம் ஆண்டுகளில் விடை கண்டார். ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளுள் பீட்டா என்பதில் 146 கண்ணிகள். அவற்றுள் ஆறாவது கண்ணி மட்டும் மாறியிருந்தது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருந்தது. ஒரே ஒரு கண்ணி! உருவம் தெரிந்த பின் அதன் விளைவும் விளங்கிற்று. அக்கண்ணி மூலக்கூறின் வெளிப்புறத்தில் உள்ளது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அவ்விடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. சோகையும் தாங்கொணா வலியும் உண்டாகின்றன.

இந்நோய்க்கான மரபணு நீலகிரி மலைவாழ் மக்களிடமும் உண்டென்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952இல் எழுதினர். இன்றும் அம்மக்களிடையே இத்துன்பம் நீங்கவில்லை. 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் ஒன்றை நடுவண் அரசு 2023இல் தொடங்கியுள்ளது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் குழந்தைக்கு நோய் வரும்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் துன்பமில்லை. ஓர் எளிய குருதிச் சோதனை இதை முன்கூட்டியே காட்டிவிடும்.

தோழர்களே, இதை எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தை ஓயாது வலியால் துடித்தால், "முன்வினை" என்றும் "தெய்வக் குற்றம்" என்றும், "அந்தக் கூட்டத்தின் இரத்தமே அப்படி" என்றும் சொன்ன உலகம் இது. இரத்தத்திற்குள் நுழைந்து பார்த்த அறிவியல் என்ன சொல்கிறது? வினையுமில்லை, குற்றமுமில்லை, 146 கண்ணிகளுள் ஒன்று மாறியிருக்கிறது என்கிறது. இரத்தத்தில் உயர்வு தாழ்வு பேசியவர் எவரும் அதைப் பார்த்துப் பேசவில்லை. 22 ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்த பெருட்ஸ் கண்டது என்ன? எல்லா மனிதருடைய குருதியிலும் ஒரே வகை நான்கு சங்கிலிகள், நான்கு இரும்பு அணுக்கள். ஆய்வுக்கெடுத்த குதிரையின் குருதியிலும் ஏறத்தாழ அதே உருவம்!

"இவையெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று அன்று கேட்டவர்க்கு நம் விடை இதுவே: நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களை அளந்து பார்ப்பதற்கு வேண்டும், நம் மக்களின் நோயை நாமே அறிந்து தீர்ப்பதற்கு வேண்டும்.

இன்று காலம் மாறியுள்ளது. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் கணிப்பொறியே புரதத்தின் உருவத்தைக் கணித்துத் தருகிறது. ஆல்ஃபாஃபோல்ட் என்னும் அம்முறைக்காக ஹசாபிஸ், ஜம்பர் என்னும் இருவர் 2024இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆகவே பாதரசத்தையும் தங்கத்தையும் தேடும் தேவை முன்போல் இல்லை. ஆனால் அக்கணிப்பொறிக்குப் பாடம் கற்பித்தது எது? 1971இல் ஏழே உருவங்களோடு தொடங்கி, இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேலான உருவங்களைத் தாங்கி நிற்கும் புரதத் தரவு வங்கி. யாரோ ஒருவர் படிகம் வளர்த்து, அளந்து, தோற்று, மீண்டும் அளந்து சேர்த்த செல்வம் அது. அச்செல்வம் எவர்க்கும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. நம் சங்கத்தின் படிப்பகத்தில் ஒரு கணிப்பொறி இருந்தால், நம் பிள்ளைகளும் ஹீமோகுளோபினைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

மாணவர்களே, கணக்கைக் கண்டு அஞ்சி விலகாதீர்கள். முக்கோணமே இவ்வளவு பெரிய கதவைத் திறந்தது. மேல்நிலை வகுப்பில் இயற்பியலையும் வேதியியலையும் கணக்கையும் விரும்பி எடுங்கள். ஆய்வுக்கூடத்தில் பின்வரிசையில் நிற்காதீர்கள். கருவியைத் தொடும் முறையைக் கேட்டுப் பெறுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூரிலும் இத்துறை வளர்ந்திருக்கிறது. இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் புரதப் படிகங்களை ஆராயத் தனி அமைப்பே உள்ளது. அவற்றின் வாயிலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சென்று நிற்கும் நாளை இச்சங்கம் காண வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். புரதத்தின் உருவம் 22 ஆண்டுகளில் தெரிந்தது. இன்சுலின் 34 ஆண்டுகளில் தெரிந்தது. பிள்ளையின் படிப்பும் உடனே பலன் தருவதன்று. ஒரு தேர்வில் தவறினான் என்று வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். மீண்டும் அளக்க இடங்கொடுங்கள்.

முடிவாக ஒன்று. 5,000 பேர் திசைக்கொருவராய் இழுத்தால் 70 பேரின் வலுவே எஞ்சும் என்றோம். அந்நிலையில்தான், தன் இடத்தில் உறுதியாக நின்ற ஓர் உலோக அணு முழு உருவத்தையும் புலப்படுத்திற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய சிலரும் அவ்வாறே நின்றனர். அவர்கள் நின்ற இடத்தை அடையாளமாகக் கொண்டு நம்மை நாம் கண்டுகொண்டோம். இனி எல்லோரும் ஒரு திசையில் இழுப்போம். அப்பொழுது நம் வலு எழுபதாக இராது, ஐயாயிரமாகவே இருக்கும்.